வெள்ளை கட்டிய வீடு

யாங்கோனில் அலோன் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில், டிசம்பர் பிறந்தால் முதலில் நட்சத்திரம் ஏறுவது செசிலியாவின் வீட்டு வாசலில்தான். மாதா கோயில் குடிலுக்கு வைக்கோல் வந்து இறங்குவதற்குள் இங்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று தொங்கத் தொடங்கிவிடும். மூங்கில் சிம்பு கட்டி, கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து மகன் டேனி பள்ளிக்கூட நாளில் செய்தது. ஐந்து முனையில் ஒன்று குட்டை. "இந்த நொண்டி நட்சத்திரத்தைப் பாத்து நடந்தா மூணு ராஜாக்களும் டாலாவுலதான் போய் நிப்பாங்க" என்று அவன் தங்கை ரெபேக்கா கேலி செய்வாள். "நிக்கட்டுமே, ஆத்துக்கு அந்தப் பக்கமும் ஏழைங்க இருக்காங்கல்ல" என்பான் டேனி. பேச்சில் அவனை யாரும் ஜெயித்ததில்லை.

இந்த வருடம் டிசம்பர் பாதி தாண்டியும் நட்சத்திரம் பரணிலேயே கிடந்தது. டேனி வீட்டில் இல்லை.

பட்டாளத்துக்கு வயசுப் பையன்களைப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு சந்துக்குள் நுழைந்த வாரமே அவன் கிளம்பிவிட்டான். ஏஜெண்ட் ஒருவன் பின்னால், நாலைந்து பையன்களோடு, தாய்லாந்து எல்லைக்கு. அடைமழையில் ஒருநாள் போன் வந்தது. "ஆத்தங்கரைக்கு வந்துட்டோம்மா. அக்கரை போனதும் பேசுறேன். சும்மா அழுதுகிட்டு இருக்காதே." அதுதான் கடைசி. மழை நின்றது, தீபத் திருநாள் போனது, வாடைக்காற்றும் வந்துவிட்டது. அக்கரையிலிருந்து பேச்சில்லை.

செசிலியாவைக் கேட்டால், "போன் தொலைஞ்சிருக்கும்" என்பாள். அல்லது, "அங்க கெடுபிடியாம், பேச விடமாட்டாங்களாம்" என்பாள். யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வரும். அவள் கணவர் சிங்கராயர் எதுவுமே சொல்லமாட்டார். கப்பல் சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் மூடமாட்டார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அதற்கு ஒரு பிரசங்கம் உண்டு. இப்போது உப்பே போடாமல் வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். செசிலியா ஒருநாள் வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்த்தாள். மனுஷன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் அந்த மாதம் வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று.

"இந்த வருஷம் நட்சத்திரம் வேண்டாமே, செசிலி."

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவர்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருடம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். அடுப்பில் பலகாரச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதுதான். இது அவருக்குத் தெரியாதா? கோயில் கமிட்டியில் வருடக்கணக்காக இருந்த மனுஷன்.

"இங்க யாருங்க செத்தா?" என்றாள். "சொல்லுங்க. யாரு செத்தா இந்த வீட்ல?"

"நான் அப்படிச் சொல்லல. அதைப் பாத்தா அவன் ஞாபகம் வரும்."

"வரட்டுமே. ஞாபகம் வராம இருக்கறதுக்கா பெத்தேன்? பரண்ல ஏறி எடுத்துக் குடுங்க."

"முட்டி வலிக்குது. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கும் முட்டி வலித்தது. அதற்கு மறுநாளும் வலித்தது. அந்த முட்டிவலி சந்துக்கோடித் தேநீர்க் கடைக்குப் போகும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நீங்கிவிடும். செசிலியா ஏறி எடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வீம்பு. அவர் கையால் எடுத்து அவர் கையால் கட்டவேண்டும். "என் பிள்ளை உயிரோட இருக்கான்" என்று அவர் வாயால் சொல்லமாட்டார். அந்த ஆணியில் நட்சத்திரத்தை மாட்டினால் சொன்ன மாதிரி. அது போதும் அவளுக்கு.

இரண்டு பேருக்கும் நடுவில் ரெபேக்கா. ஊருக்குள் ஒரு கேக் கடையில் வேலை. தமிழ், அப்பா அம்மாவுக்காக வைத்திருப்பது. கோபம் வந்தாலும் கனவு வந்தாலும் பர்மா பாஷைதான். வீட்டில் இப்படி உம்மென்று ஆளுக்கொரு மூலையில் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். எங்கேயோ குளிர் நாட்டில் யாரோ ஒருத்தியின் வீடு. ஜன்னல் திரை வெள்ளை, நாற்காலி வெள்ளை, மரக்கிளை வெள்ளை, மெழுகுவர்த்தி வெள்ளை.

"ஒயிட் விண்டர்மா. இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. அழகா இருக்குல்ல? கலர் ஒண்ணும் வேண்டாம். அமைதியா இருக்கும்."

யாங்கோனின் குளிர்காலம் விடியற்காலையில் வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. பத்து மணிக்கெல்லாம் முதுகில் வியர்க்கும். இதில் பனி கொட்டுகிற மாதிரி ஜோடனை! செசிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகிவிட்டது என்பதும் கூடவே நினைவு வந்தது.

"செய்யேன்" என்றாள். "ஆனா வாசல்ல நட்சத்திரம் தொங்கணும். அதை உங்கப்பாதான் எடுக்கணும்."

நாலு காகிதப் பூவும் பஞ்சும் ஒட்டப்போகிறாள், வேறென்ன என்றுதான் நினைத்தாள்.

சனிக்கிழமை செசிலியாவுக்கு டாலாவில் ஒரு வேலை இருந்தது. அங்கே ராணி என்றொரு பெண். அவள் மகனும் டேனியோடு போன கூட்டத்தில் ஒருவன். அவன் திரும்பி வந்துவிட்டான், வெளியே தலை காட்டாமல் வீட்டுக்குள் கிடக்கிறான் என்று கோயிலில் ஒருத்தி காதைக் கடித்தாள். செசிலியா இதைக் கணவரிடம் சொல்லவில்லை. நல்ல சேதியோடு வந்து, அவர் முகத்துக்கு நேரே சொல்லி, பரணில் ஏற்றவேண்டும் என்று கணக்குப் போட்டாள். "தையல் துணி வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு பான்சோடான் துறையில் படகு ஏறினாள்.

அக்கரையில் சைக்கா ரிக்ஷா பிடித்து, வயல் ஓரமாகப் போய், ராணியின் குடிசையைக் கண்டுபிடித்தாள். ராணி அவளை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் பலகை போட்டு உட்காரவைத்தாள். மகன் பாய்த் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தான். முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"டேனி முதல் படகுல ஏறுனான் ஆன்ட்டி. நாங்க ரெண்டாவது படகுக்கு நின்னோம். அது வரவே இல்ல. நாங்க காட்டுக்குள்ள ஓடிட்டோம்."

"அவன் படகு? அக்கரை போச்சாப்பா?"

தட்டிக்குப் பின்னால் சத்தம் இல்லை. ராணி திரும்பித் தட்டியைப் பார்த்தாள். பிறகு குரல் வந்தது.

"போச்சு ஆன்ட்டி. எறங்குனான். கையக்கூட ஆட்டுனான்."

"அது போதும் சாமி. அது போதும்" என்றாள் செசிலியா. எழுந்து தட்டியைத் தொட்டு, அங்கே அவன் தலை இருக்கும் என்று நினைத்த இடத்தில் கை வைத்தாள். ராணி அவளைச் சாலை வரை கொண்டுவந்து விட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "பாத்துப் போங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

படகுத்துறையில் செசிலியா தேங்காய் வாங்கினாள். பலகாரத்துக்கு. ஆற்றில் வரும்போது கடல்காகங்களுக்கு ஜனங்கள் பொரி வீசிக்கொண்டிருந்தார்கள். அவளும் யாரோ நீட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு கை அள்ளி வீசினாள். இறங்கினான், கையை ஆட்டினான். அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சந்தின் முனையில் திரும்பியதும் தன் வீட்டைப் பார்த்தாள்.

வாசலில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் துணி தொங்கியது. ஜன்னலுக்கும் வெள்ளை. படியில் பழக்கமான செருப்புகளும் பழக்கமில்லாத செருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எதிர்வீட்டு அம்சவேணி தலையை விரித்துப்போட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துவீட்டு பர்மியக் கிழவி டோ மியா பெரிய தேநீர்க் கெட்டிலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். உள்ளே ஓர் ஆணின் அழுகுரல் கேட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் செசிலியா அதை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறாள், மாமியார் இறந்த அன்று. அன்றும் வாசலில் இப்படித்தான் வெள்ளை கட்டினார்கள். கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடினார்கள்.

பை கையை விட்டு விழுந்தது. தேங்காய்கள் சாக்கடைப் பக்கமாக உருண்டன.

"ஐயோ என் ராசா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். "என்னை விட்டுட்டுப் போயிட்டியே! அம்மா வாசலைப் பாத்துகிட்டே இருந்தேனே, இப்படி வெள்ளை பாக்கவா வந்தேன்!"

அம்சவேணி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். அம்சவேணி மாரியம்மன் கோயில்காரி. ஆனால் அழுகையில் வேற்றுமை பார்க்கமாட்டாள். இரண்டு பேருமாக வெள்ளையை விலக்கிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். உள்ளே எல்லாம் வெள்ளை. நாற்காலிகளுக்கு வெள்ளை விரிப்பு, அலமாரிக் கண்ணாடிக்கு வெள்ளைத் துணி. சுவர்த் தட்டில் டேனியின் போட்டோவைச் சுற்றி வெள்ளைக் காகிதப் பூக்கள், பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. சிங்கராயர் அதன்கீழ் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தார். ரெபேக்கா அவர் தோளில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். செசிலியா போட்டோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமும் அழாத அழுகை. அழுதால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. டோ மியா முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழு, மகளே, அழு" என்று பர்மா பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. டோ மியா கொடுத்த தேநீரை ஒரு மடக்குக் குடித்தபோதுதான் அவளுக்கு ராணியின் மகன் சொன்னது திரும்பி வந்தது. இறங்கினான். கையை ஆட்டினான்.

"எந்த எடத்துலயாம்?" என்றாள். "அக்கரை போயிட்டான்னு சொன்னானே. அப்புறம் எங்க? யாரு வந்து சொன்னாங்க?"

சிங்கராயர் நிமிர்ந்தார். கண் சிவந்து, வாய் கோணியிருந்தது. அம்சவேணியைப் பார்த்தார்.

"அம்சவேணிக்குத்தான் தெரியும்."

"எனக்கா? எனக்கென்னண்ணே தெரியும்?" அம்சவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் வாசல்ல வெள்ளை கட்டியிருக்கறதைப் பாத்துட்டு எட்டிப் பாத்தேன். கண்ணாடியை மூடியிருக்கு. தம்பி போட்டோவுக்கு மெழுகுவத்தி எரியுது. வீட்ல ஆளே இல்ல. சத்தம் போட்டேன், டோ மியா பெரியம்மா ஓடி வந்தாங்க. அப்புறம் நீங்க வந்தீங்க. வந்து ஒக்காந்து அழுதீங்களே?"

"நீ அழுதுகிட்டு இருந்தே. சேதி வந்திருச்சுன்னு நெனச்சேன்."

எல்லோரும் ரெபேக்காவைப் பார்த்தார்கள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது.

"நான் டேப் வாங்கப் போனேன்" என்றாள். "முக்குக் கடையில இல்ல, மெயின் ரோட்டுக்குப் போனேன். வந்து பாத்தா அப்பா அழுறாங்க. நானும்…" மீதி பர்மா பாஷையில் கொட்டியது. கதவில் தொங்குவது அண்ணனின் பழைய கொசுவலை. கண்ணாடியில் பஞ்சு ஒட்டத்தான் துணி போர்த்தியது. ஜோடனையில் அண்ணனும் இருக்கட்டும் என்றுதான் போட்டோவைச் சுற்றி பூ ஒட்டியது. மெழுகுவர்த்தி, கரண்ட் போனதால். எப்போதும் அந்தத் தட்டில்தானே ஏற்றுவோம்? சாவு வீட்டில் வெள்ளை கட்டுவார்கள், கண்ணாடியை மூடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லைதான். பாட்டி போனபோது அவள் கைக்குழந்தை. கொரோனாவில் போனவர்களை எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்விட்டார்கள். எந்த வீட்டிலும் எதுவும் கட்டவில்லை. அவளுக்கு வெள்ளை என்றால் பனி. கேக்கின் மேல் பூசுகிற கிரீம்.

அப்படியானால் சேதி வரவில்லை. யாரும் வரவில்லை, யாரும் போன் செய்யவில்லை. ஒரு கொசுவலையைப் பார்த்து ஒரு சந்தே அழுதிருக்கிறது. அம்சவேணி வாயில் அறைந்துகொண்டாள். "என் நாக்கு அழுகிப் போகணும்! தம்பிக்கு ஆயுசு நூறு அக்கா, ஆயுசு நூறு." முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். டோ மியா கெட்டிலை எடுத்துப் போவதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல், கடைசியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, சந்தில் உருண்ட தேங்காய்களைப் பொறுக்கித் துடைத்துப் படியில் வரிசையாக வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். யாரும் செசிலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. மாறாக, கோபம்தான் குபுகுபுவென்று வந்தது.

"ஒருத்தர்கூடக் கேக்கல" என்றாள். "எப்படி, எங்க, யாரு சொன்னது, ஒருத்தர்கூட! எல்லாரும் என்னிக்கு அழலாம்னு காத்துகிட்டு இருந்திருக்காங்க. அவங்களை விடுங்க. நீங்க தகப்பன். வாசல்ல ஒரு துணியைப் பாத்தீங்க, ஒக்காந்து அழுதுட்டீங்க. யாரும்மா சொன்னான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா? அவ்வளவு சுலபமா உங்களுக்கு?"

சிங்கராயர் கையை ஊன்றி எழுந்தார். அவள் மடியிலிருந்த போட்டோவை மெதுவாக வாங்கித் தட்டில் வைத்தார்.

"நீயும்தான் கேக்கல, செசிலி" என்றார்.

அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகவும் இல்லை. சோறு ஆறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

சந்து முனையில் நின்றதும், பை விழுந்ததும், தான் அலறியதும் அவள் கண்முன் வந்தன. கையை ஆட்டினான் என்ற சேதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள் அவளேதான். அந்த மடியை ஒரு நொடிகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வெள்ளையைப் பார்த்தாள், நம்பினாள். பாய்த் தட்டிக்குப் பின்னால் அந்தப் பையன் பேசாமல் இருந்த நேரம் இப்போது அவளுக்கு நன்றாகக் கேட்டது. ராணி திரும்பிப் பார்த்த பார்வையும் தெரிந்தது. அப்போதே தெரிந்ததுதான். கவனிக்காத மாதிரி எழுந்து வந்துவிட்டாள்.

"டாலாவுக்குப் போயிருந்தேன்" என்றாள். நடந்ததைச் சொன்னாள். பையன் சொன்னதைச் சொன்னாள். அவன் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை. சிங்கராயர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "கையை ஆட்டுனானாமா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னான்."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மூலையில் ரெபேக்கா அழுதுகொண்டே ஜன்னல் துணியைப் பிய்க்கத் தொடங்கியிருந்தாள். காகிதப் பூக்கள் கிழிந்து விழுந்தன. செசிலியா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள்.

"விடுடி. கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கே. இருக்கட்டும்."

"வேண்டாம்மா. எனக்குப் பாக்கவே முடியல."

"நீ பனின்னு நெனச்சுத்தானே கட்டுனே? பனியாவே இருக்கட்டும். இந்தக் கண்ணாடியை மட்டும் தொறந்து விடு."

ரெபேக்கா கண்ணாடித் துணியை இழுத்தாள். மூன்று பேரும் அதில் தெரிந்தார்கள், மூன்று பேரும் வீங்கிய கண்ணோடு. செசிலியா போட்டோவின் பக்கத்திலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். திரும்பி வந்தபோது சிங்கராயர் நாற்காலியைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முட்டி வலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஏறி, கையை விட்டுத் துழாவி, ஒட்டடையோடு நட்சத்திரத்தை இறக்கினார். குட்டை முனையில் தாள் கிழிந்திருந்தது. ரெபேக்கா வாங்கிவந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்து அவரே ஒட்டினார்.

கொசுவலையை ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு வாசலில் மாட்டினார்கள். சிங்கராயர் ஆணியில் கயிற்றைச் சுற்றினார், செசிலியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், ரெபேக்கா ஒயரைக் கொண்டுபோய்ச் சொருகினாள். எதிர்வீட்டு ஜன்னலில் அம்சவேணி நின்றிருந்தாள். இவர்கள் பார்த்ததும் விலகிக்கொண்டாள்.

கரண்ட் வரவில்லை. சந்து முழுக்க இருட்டு. வாசலில் நட்சத்திரம் இருப்பதே நெருங்கி வந்தால்தான் தெரியும். இப்போதெல்லாம் எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

"உள்ள வாங்க. நாளைக்கு எரியுதான்னு பாக்கலாம்" என்று ரெபேக்கா சுவிட்சை அணைக்கப் போனாள்.

"அணைக்காதே" என்றாள் செசிலியா. "போட்டபடியே இருக்கட்டும். வர்றப்ப எரியட்டும்."

பிறகு படியில் இருந்த தேங்காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.